வார்டுக்கு ஓர் எண்

“வார்டுக்கு ஒரே எண்ணாக் கொடுத்துடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்.” நகரில் எங்கே வெப்பத்தால் ஆபத்து அதிகம் என்று காட்ட ஆய்வாளர் போட்ட வெப்ப அபாய வரைபடத்தைப் பார்த்துவிட்டு மாநகராட்சிப் பொறியாளர் சொன்னது இவ்வளவுதான்.

கேட்டதில் தப்பில்லை. நிதி ஒதுக்குவது வார்டு வாரியாக, டெண்டரும் அப்படியே. ஆனால் அந்த ஓர் எண்ணுக்குள் என்னென்ன அமுங்கிப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த வரைபடத்துக்கு வெப்பத்தை அளக்கும் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடப்பது காலை பத்து மணி வாக்கில். அதன் வெப்பப் படத்தில் ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, தரையில் 100 மீட்டர். அது அளப்பது கூரையின் சூட்டை. கூரைக்குக் கீழே இருப்பவர் படும் சூட்டை அல்ல. அதிலும் தகரக் கூரை ஏமாற்றும். பளபளப்பான தகரம் வெப்பத்தைக் குறைவாகவே உமிழும். கான்கிரீட்டின் உமிழ்திறனையே (வெப்பத்தை உமிழும் அளவையே) அதற்கும் போட்டுக் கணக்கிட்டால், கொதிக்கும் தகரக் குடியிருப்பு வரைபடத்தில் குளிர்ச்சியாக விழும். இரவுச் சூடு கணக்கிலேயே வராது. 1995 ஜூலையில் சிகாகோ வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்ததற்கு, இரவிலும் சூடு தணியாததும் ஒரு காரணம்.

அடுத்தது கூட்டல். வெப்பம், முதுமை, வருமானம், தண்ணீர் எல்லாவற்றையும் 0-1க்குள் கொண்டுவந்து சராசரி எடுத்தால், பூங்கா இருப்பது தண்ணீர் இல்லாததை ஈடுகட்டிவிடும். நாடுகளை ஒப்பிடும் ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடு 2010இல், எண்களைக் கூட்டாமல் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்கல் சராசரிக்கு மாறியது இந்த ஈடுகட்டலைக் குறைக்கத்தான். அதை அப்படியே எடுத்தாளவும் முடியாது. அங்கே எண் கூடினால் நலம், இங்கே கூடினால் ஆபத்து. அளவீடுகளைத் திருப்பிப் போடாமல் பெருக்கினால், ஏதாவது ஒன்று பூஜ்யமானாலே மொத்த ஆபத்தும் பூஜ்யமாகிவிடும்.

இத்தனையும் சரிசெய்தாலும் மரமும் மாடிவீடுமாக இருக்கும் வார்டின் ஓரத்தில், கால்வாயை ஒட்டிய குடியிருப்பு சராசரியில் காணாமல் போகும்.

அதன் எல்லையை வரைந்தே கொடுத்திருக்கலாமே? கொடுத்திருக்கலாம். ஆனால் ‘அபாயப் பகுதி’ என்று சிவப்பு பூசிய இடம் பிறகு அகற்றும் பட்டியலில் ஏறுவது இந்தத் துறையில் புதிதல்ல. அதனால் வார்டு சராசரியும், பக்கத்திலேயே அந்த வார்டின் மிக மோசமான பத்தில் ஒரு பங்குக்கான மதிப்பும் பொறியாளருக்குப் போனது. எல்லைக்கோடு போகவில்லை.

அந்த முடிவுக்காக இன்றும் வாதாட முடியும். ஆனால் எல்லைக்கோட்டை மறைக்கும் அதிகாரத்தை ஆய்வாளருக்குத் தந்தது யார்? அங்கே குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்பது பாடப்புத்தகப் பதில். வாடகைக்கு இருப்பவரும் வீட்டுக்காரரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. யாருடைய சம்மதம் கணக்கு? வேறு சிலர் அந்த எல்லைக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் இணைப்பு கேட்பார்கள்.

பொறியாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லை இல்லாத பட்டியலை நம்பி சூட்டைக் குறைக்கக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையைத் தொடங்கும் ஒப்பந்ததாரர் ஏணி சாத்த வசதியான, ஆள் ஏறி நிற்கத் தாங்கும் கான்கிரீட் கூரைகளைத்தான் முதலில் பூசுவார். பூச வேண்டிய சதுர மீட்டர் கணக்கு அதிலேயே முடிந்துவிடும்.