அரிவரி வகுப்பும் ‘படம்’ என்ற சொல்லும்

பாலர் வகுப்புச் சுவரில் தொங்கிய அரிவரி அட்டையை இந்த மலரை வாசிக்கும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மேலே 12 உயிர், இடப்பக்கம் 18 மெய், நடுவே 216 உயிர்மெய், ஒரு மூலையில் ஆய்தம். ஆசிரியையின் கோல் தொட்ட இடத்தை வகுப்பே சேர்ந்து சொல்லும்: ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா. அந்தக் கூட்டோசை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஆனால் 247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்துவிட்டு, பலகையில் ‘படம்’ என்று எழுதிக் காட்டியதும் திகைத்து நின்ற பிள்ளைகளும் அதே வகுப்பில் இருந்தார்கள். இன்று வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் நம்மவர்களுக்கு முன்னாலும், வீட்டு மேசையில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு முன்னாலும் இருப்பது அதே பிள்ளைதான். ஆகவே பழைய வகுப்பறையிலிருந்து, இன்றைய பிள்ளைக்கு உதவக்கூடியதை மட்டும் எடுத்து எழுதுகிறோம்.

பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ‘படம்’ என்பதை அது ‘ப, ட, இம்’ என்று வாசிக்கும். மூன்றையும் சேர்த்துச் சொல் என்றால் ‘படஇம்’ என்னும். அதில் பிள்ளையின் பிழை எதுவும் இல்லை; இக், இங், இச் என்று மெய்யெழுத்துக்கு முன்னால் ஓர் இகரத்தை ஒட்டிச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். உயிரெழுத்துப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. குறிலான அ-வுக்கு ‘ஆனா’ என்று நெடிலில் தொடங்கும் பெயர். பெயரை மட்டும் படித்த பிள்ளைக்குக் ‘கல்’லும் ‘கால்’உம் ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை. தமிழில் எழுத்தின் ஒலியே அதன் பெயராக இருக்கப் போதுமானது. அ என்றால் அ, ம் என்றால் உதட்டை மூடி முனகும் ஒலி. ஆனா, ஆவன்னா பாட்டாக இருக்கட்டும், வரிசை மனதில் பதிய அது உதவும். அகராதி பார்க்கும் வயதில் அந்த வரிசை வேண்டியும் வரும். வாசிப்புப் பாடத்துக்குள் மட்டும் அது வரக்கூடாது.

எழுத்தைக் காட்டுவதற்கு முன் நான்கு வாரமாவது காதுக்கு வேலை கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். சொல்லைச் சொல்லிக் கைதட்டுவதுதான் முதல் விளையாட்டு. ‘அம்மா’ எழுத்தில் மூன்று, கைதட்டலில் இரண்டு: அம், மா. ‘படம்’ இரண்டு: ப, டம். ‘பட்டம்’ எழுத்தில் நான்கு, தட்டுவது அதே இரண்டு: பட், டம். மெய்யெழுத்துக்குத் தனித் தட்டு இல்லை, முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொண்டுதான் அது வரும் என்பதை உள்ளங்கை முதலில் பழகிக்கொள்ளும். பின்னால் ‘ம்’ என்ற எழுத்தைக் காட்டும்போது ‘இம்’ தானாகவே காணாமற் போகிறது.

அடுத்தது குறில், நெடில். இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளந்து, கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் அளவாகச் சொல்லிவைத்திருக்கிறது. பிள்ளைக்கு அதைக் கையால் காட்டலாம்: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்து விரிப்பது. படம், பாடம், விடு, வீடு, குடை, கூடை, எடு, ஏடு, கொடு, கோடு. அதன்பின் மெய் இரட்டிப்பது: படு, பட்டு; கனி, கன்னி; வெளி, வெள்ளி. வேறு மொழிச் சூழலில் வளரும் பிள்ளைக்கு இந்த இரட்டிப்புத்தான் காதில் விழாது. எழுதும்போது ‘பட்டு’ என்பதைப் ‘படு’ என்று எழுதும். பல மாதங்களுக்குப் பின் எழுத்துப்பிழையாகத் திருத்துவதைவிட, இப்போதே காதுக்குப் பழக்கிவிடுவது எவ்வளவோ மேல்.

எழுத்துக்கு வரும்போது அ-வில் தொடங்க வேண்டியதில்லை. சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த அ, ஐந்து வயது விரலுக்குக் கடினமான வடிவங்களில் ஒன்று. ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடு. ட-வுக்கு வலப்பக்கம் ஒரு கோடு எழுப்பினால் ப. முதல் வாரம் இந்த மூன்று, அடுத்த வாரம் ம், ட் என்று குற்று வைத்த இரண்டு. இதற்குள்ளேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைப் பிள்ளை தானாக வாசித்துவிடும். மூன்றாம் வாரம் அரவு (துணைக்கால் என்பாரும் உண்டு): பாடம், மாமா, பாப்பா, பாட்டா. அதன்பின் அ: அம்மா, அப்பா. அ-வை இவ்வளவு பிந்தி வைத்தால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். பிள்ளை மூன்றாம் வாரத்தில் ‘பாப்பா பாடம்’ என்று வாசித்துக் காட்டும்போது அந்தச் சுளிப்பு மாறிவிடும். பிறகு க, ல, வ, ன என்று போகலாம். கல், கால், பல், வால், மகன், காகம் எல்லாம் கைக்கு வரும்.

ஒரு எழுத்துத் தெரிந்ததா என்று பார்க்க, வரிசையைச் சொல்லச் சொல்லாதீர்கள். படித்த எழுத்துகளில் பத்து அட்டையைக் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மூன்று எண்ணுவதற்குள் எட்டையாவது சொன்னால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். எ-வைக் காட்டியதும் அ, ஆ, இ என்று முதலிலிருந்து முணுமுணுத்து வந்தால் பிள்ளைக்குத் தெரிந்திருப்பது பாட்டு. எழுத்து இன்னும் தெரியவில்லை.

உயிர்மெய் 216-ஐயும் ஒவ்வொன்றாக மனனம் செய்யத் தேவையில்லை. அரவு, விசிறி, கொம்பு முதலிய குறிகள் எங்கே ஒட்டும் என்று தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. ஒரு எளிய கருவி சொல்கிறோம். பத்து சென்ரிமீற்றர் சதுர அட்டையில் மெய்யின் வடிவத்தைத் தடித்து எழுதுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு குறியை எழுதுங்கள். பிள்ளை துண்டை எடுத்து எழுத்தின்மேல் வைத்துப் பார்க்கும்: க, கா, கி, கீ. இரண்டு குறிகளில் பொறுமை வேண்டும். கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, வாய்க்குப் பின்னால் வருகிறது. கெ-யை ‘எக’ என்று வாசிப்பது இதனால்தான். கொ, கோ இரண்டிலும் க-வுக்கு இரு பக்கமும் துண்டு வைக்க வேண்டும். க-வை முதலில் எழுதிவிட்ட பிள்ளைக்குக் கொம்புக்கு இடம் இருக்காது. ‘கொம்பு முதலில்’ என்று கைக்குப் பழக்குங்கள். (கணினியில் இது தலைகீழ். க-வைத் தட்டியபின் கொம்பைத் தட்டினால் அது தானே முன்னால் போய் நிற்கும். பிள்ளைகள் இதை விரும்பிப் பார்ப்பார்கள்.)

உகர வரிசைதான் உண்மையில் கரடுமுரடு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறி அங்கே இல்லை. ஆனால் ஒழுங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. சு, பு, யு, வு, ஙு ஐந்தும் கீழே ஒரு கோடு இறக்குபவை. டு, மு, ரு, ழு, ளு ஐந்தும் அடியில் இடப்புறம் வளைபவை. து, நு, ணு, லு, று, னு, ஞு ஏழும் வளைந்து மேலே எழுபவை. கு மட்டும் தனி. அரிவரி அட்டையின் வரிசையில் படித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் வடிவம் மாறி மாறிக் குழப்பும். இப்படிக் குடும்பமாகப் பிரித்தால் நான்கு பாடம். இந்த வரிசை முடிய ஆறு வாரம் ஆனாலும் ஆகட்டும். ஙகர வரிசையில் ங் தவிர மற்றவை அன்றாட வாசிப்பில் ஏறக்குறைய வருவதேயில்லை. அதற்கு நேரம் செலவிட வேண்டாம். ஔகாரமும் அப்படியே பின்னுக்குப் போகலாம்.

கண் மயங்கும் இடங்கள் சில உண்டு. அரவும் ர-வும் அடுத்தடுத்து வந்தால் பிள்ளை தடுமாறும். ர-வின் காலில் உள்ள சாய்வைக் காட்டிக்கொடுக்கலாம்; ஆனால் பல அச்செழுத்துகளில் ர், ரி, ரீ அந்தச் சாய்வை இழந்து அரவைப் போலவே நிற்கும். ‘கார்’ என்ற சொல்லில் ஒரே மாதிரி இரண்டு கால்கள்! பாட அட்டை அச்சடிக்கும்போது இதைப் பார்த்து எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். வீட்டில் பழைய நூல்கள் இருந்தால் இன்னொன்று: தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை எழுத்துகள் தும்பிக்கை போன்ற வடிவில் இருக்கும்; ணா, றா, னா எழுத்துகளும் வேறு. தொடக்கப் பிள்ளையின் கையில் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

மகன், காகம், தங்கம் மூன்றிலும் க ஒரே ஒலியில் வராது. மெல்லினத்துக்குப் பின் ஒருவிதம், இரண்டு உயிருக்கு நடுவே மெலிந்து, இரட்டித்தால் வலிந்து. விதியைச் சொல்லி விளக்க வேண்டாம். பிள்ளை ‘மக்கன்’ போல வாசித்தால், ‘அப்படி ஒரு சொல் கேட்டிருக்கிறாயா?’ என்று கேளுங்கள். பேச்சில் தெரிந்த சொல்லாக இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லாக இருந்தால் குறை வாசிப்பில் இல்லை, சொல்வளத்தில் இருக்கிறது; அதற்கு மருந்து ஒவ்வொரு நாளும் மடியில் வைத்துக் கதை வாசிப்பதுதான். விரலை எழுத்தெழுத்தாகக் குத்தாமல், சொல்லுக்கு அடியில் ஓடவிடுங்கள்.

எழுத்துப்பயிற்சி மணலில் தொடங்கியது நல்ல முறை. அடி இருண்ட ஒரு தட்டில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் போதும். கூடினால் கோடு மூடிவிடும். விரலால் எழுதும்போதே ஒலியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் சித்திரம். பிறகு பலகையில் வெண்கட்டி, அதன்பின் தடித்த பென்சிலால் மூன்று சென்ரிமீற்றர் உயர எழுத்து. கோட்டுக் கொப்பி கடைசியில். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது ஏழு வயதுவரை சாதாரணம். ஒரே எழுத்தை நூறு தரம் எழுதவைத்தால் கடைசி அறுபதும் பிழையான வடிவிலேயே கையில் படியும். ஐந்து தரம் எழுதி, அதில் அழகானதைப் பிள்ளையே வட்டமிடட்டும்.

பிள்ளை முதலில் எழுத விரும்புவது தன் பெயரைத்தான். நம் பிள்ளைகளின் பெயர்களில் ஜ, ஷ, ஸ நிறைய. கிரந்தம் பிறகு என்று தள்ளாமல், அந்த ஓர் எழுத்தை அந்தப் பிள்ளைக்கு மட்டும் முதல் நாளே எழுதிக்கொடுத்துவிடுங்கள். மற்றவை ட, ப, ம முறைப்படியே வரட்டும்.