அதே கால், வேறு கணக்கு

ஜூன் 9

மாலை ஆபீஸுக்கு ஒரு கொத்தனார் வந்தார், மனைவியோடு. வயது 38. வலது முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்திருக்கிறார்கள். ஹெல்மெட் சோதனையில் வண்டியை நிறுத்தக் கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது. ஓரமாக நின்ற காவலர் லத்தியை வீச, அது முன்சக்கரத்தில் சிக்கி ஆளைத் தூக்கியடித்துவிட்டது. கொத்தனார் ஏதோ அடுத்த வீட்டுக்காரருக்கு நடந்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் அந்த அம்மாதான்.

"லாரி அடிச்சிருந்தா காசு கிடைச்சிருக்கும்ல வக்கீலம்மா?"

கிடைத்திருக்கும். அவர்கள் போன பிறகு சும்மா ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், 40 வயதுக்குள். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. வருடத்துக்கு 2,52,000. வாகன விபத்து இழப்பீட்டுக்கு உச்ச நீதிமன்றம் தந்த சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி, 38 வயதுக்கு வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 15. உழைக்கும் திறனில் பாதி போயிற்று என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றால் 18,90,000 ரூபாய். மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் தனி.

மருத்துவ போர்டு ஊனம் 35 சதவீதம் என்று எழுதினாலும் கணக்கு அதோடு நிற்காது. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: உடம்பில் எவ்வளவு ஊனம் என்பது வேறு, அதனால் பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் சாரம் ஏறுபவருக்கும் இந்த முழங்கால் ஒன்றல்ல.

லத்திக்கு இப்படி ஓர் அட்டவணை கிடையாது. இன்சூரன்ஸும் கிடையாது.

ஜூன் 11

எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்தது. எதிர்பார்த்ததுதான். குற்றவாளி கொத்தனாரே! பி.என்.எஸ். (புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) 281, அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டித் தானே கீழே விழுந்தார் என்று. லத்தி என்ற சொல்லே எங்கும் இல்லை.

மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியிலும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) "இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்றுதான் இருக்கிறது. முதலில் சோர்ந்துதான் போனேன். அப்புறம் மேலே பார்த்தால், "அழைத்து வந்தவர்" என்ற இடத்தில் காவலர் என்று எழுதி, பக்கத்தில் அவருடைய எண். நேரம் இரவு 9.40. எஃப்.ஐ.ஆர்-இல் ஸ்டேஷனுக்குத் தகவல் வந்ததாகச் சொல்லும் நேரம் 10.30. தகவலே வராத விபத்துக்கு ஐம்பது நிமிடம் முன்னாலேயே போலீஸ் எப்படி ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது? "விழுந்தார்" என்று டாக்டரிடம் சொன்னது யார் என்பதும் இதிலேயே தெரிகிறது. கொத்தனார் அப்போது மயக்கத்தில் இருந்தார்.

பக்கத்து பெட்ரோல் பங்க் கேமரா பதிவு அழிந்துவிட்டதாம். இந்த ஒரு தாள்தான் இப்போதைக்கு எங்கள் பலம்.

ஜூன் 12

சீனியர் சார் ஏ.ஆர். காப்பியைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது சரிம்மா. ஆனா கஸ்தூரிலாலோட வருவாங்க, தயாரா இரு."

சட்டக் கல்லூரியில் படித்தபோது அந்த வழக்கைக் கதைபோல ரசித்திருக்கிறேன். இன்று எரிச்சல்தான் வந்தது. 1947-ல் மீரட்டில் ஒரு நகை வியாபாரியைச் சந்தேகத்தில் பிடித்து, அவரிடமிருந்த தங்கத்தையும் வெள்ளியையும் ஸ்டேஷனில் வைத்தார்கள். ஆளை விட்டார்கள், வெள்ளியைக் கொடுத்தார்கள். தங்கத்தை ஏட்டு எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். போலீஸ் அலட்சியமாக இருந்தது உண்மைதான், ஆனால் கைதும் பறிமுதலும் அரசின் இறையாண்மைப் பணி, அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய ஆட்சிப் பணி, அதனால் அரசு பணம் தர வேண்டியதில்லை என்று 1964-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வாகனச் சோதனையும் அப்படித்தான் என்று எதிர்த்தரப்பு எழுதும்.

எங்கள் பதில் நீலபதி பெஹரா வழக்கு. ஒடிசாவில் போலீஸ் பிடித்துப்போன 22 வயது மகனின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தப்பியோடி ரயிலில் அடிபட்டதாகப் போலீஸ் சொன்னது. தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1993-ல் ஒன்றரை லட்சம் தரச் சொன்னது. அடிப்படை உரிமை மீறப்பட்டு ரிட் மனு (உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேரடியாகப் போடுவது) வந்தால் அங்கே இறையாண்மைச் சாக்கு செல்லாது என்றும் சொன்னது.

ஜூன் 18

எந்தக் கதவைத் தட்டுவது என்று இரண்டு மணி நேரம் பேச்சு. சிவில் வழக்கு என்றால் முதலில் அரசுக்குப் பிரிவு 80 நோட்டீஸ் (வழக்குப் போடப்போகிறோம் என்ற முன்னறிவிப்பு), இரண்டு மாதம் காத்திருப்பு, கேட்கும் தொகைக்கேற்ப கோர்ட் கட்டணம். கூலிக்காரர் எங்கே போவார்? ரிட் போட்டால், "லத்தியே வீசவில்லை" என்று பதில் மனு வரும். உண்மை எது என்பதே தகராறாக இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போ என்று உயர் நீதிமன்றம் அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. மாநில மனித உரிமை ஆணையத்தில் செலவு இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். முன்பெல்லாம் ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரை என்று அரசு கிடப்பில் போடும். 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது.

முதலில் ஆணையம் என்று முடிவு. எனக்கு முழுச் சம்மதம் இல்லை; அங்கே கிடைக்கும் தொகை என் தாளில் இருக்கும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. சிவில் வழக்குக்கான காலக்கெடுவைத் தவறவிடக்கூடாது என்று டைரியில் சிவப்பில் எழுதி வைத்தேன்.

ஜூன் 23

காலையில் கொத்தனார் போன் செய்தார். ஸ்டேஷனிலிருந்து யாரோ பேசினார்களாம், மிகவும் மரியாதையாக. "கோர்ட்ல தப்பை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, அன்னைக்கே முடிஞ்சிடும்" என்று. இவருக்கும் அலையாமல் முடிந்தால் போதும் என்றிருக்கிறது.

"அண்ணே, நீங்க ஒத்துக்கிட்டா, வேகமாப் போய் நீங்களாவே விழுந்தீங்கன்னு ஆயிடும். அப்புறம் ஆணையத்துல என்ன சொல்றது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு போன் அந்த அம்மா கைக்குப் போனது. "ஒத்துக்க மாட்டாரு. எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லுங்க."

சம்மன் வந்ததும் வக்காலத்து போட வேண்டும். வழக்குத் தாள்களின் நகல் கேட்கும் மனுவில் இன்றே கையெழுத்து வாங்கியாயிற்று.