நாரை மூக்கும் 14 விதைகளும்

நவம்பர் 29

சிவப்பு ஜெரேனியம் காய் பிடித்திருக்கிறது. பூங்கொத்து வாடினால் உடனே கிள்ளிவிடுவது என் வழக்கம். பத்து நாள் வெளியூர் போயிருந்ததில் கிள்ள ஆளில்லை, அதில் கிடைத்த லாபம் இது. காய் அச்சு அசலாக நாரையின் அலகு. கிரேக்க மொழியில் நாரைக்கு பெலர்கோஸ் என்று பெயர். தொட்டியில் வளர்த்து ஜெரேனியம் என்று நாம் கூப்பிடும் செடியின் தாவரவியல் பெயரும் அதிலிருந்து வந்த பெலர்கோனியம்தான். ஜெரேனியம் என்ற பெயர் உண்மையில் அதன் பங்காளிக்கு உரியது. லின்னேயஸ் 1753-இல் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார், 1789-இல் பாகம் பிரித்தார்கள். ஆனாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

அலகு காய்ந்து பிளந்ததும் ஒரு பூவுக்கு ஐந்து விதை வரைக்கும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பஞ்சு வைத்த ஒரு வால். நாக்கில் தொட்ட விரலால் வாலைத் தொட்டேன், முறுக்கு மெல்ல அவிழ்ந்தது. காய்ந்ததும் திரும்ப முறுக்கிக்கொண்டது. இப்படித் திருகித் திருகித்தான் விதை மண்ணுக்குள் இறங்குமாம். அரைமணி நேரம் இந்த விளையாட்டிலேயே போனது.

தேறியவை 14. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு குச்சியை ஒடிச்சு நட்டா வேலை முடிஞ்சுது” என்றார். வாஸ்தவம்தான். ஆனால் குச்சியில் வருவது அதே சிவப்பு. பக்கத்துத் தொட்டியில் வெள்ளை இருக்கிறது, தேனீ என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? இந்தப் பூவில் மகரந்தம் முதலில் கொட்டிவிடும், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூலகமுடி பிறகுதான் ஐந்து கதிராக விரியும். அதனால் வேறு பூவின் மகரந்தம் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

டிசம்பர் 2

விதைத்தாயிற்று. விதைத்தோல் கெட்டி, தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. ஏழு விதைகளை மட்டும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன், மற்ற ஏழும் அப்படியே. கடையில் வாங்கும் பாக்கெட் விதையைப் பெரும்பாலும் தேய்த்தே விற்பார்கள். சொந்த விதைக்கு நாம்தான் தேய்க்க வேண்டும். தென்னைநார்க் கழிவும் மணலும் கலந்து, மேலே 3 மில்லிமீட்டருக்கு மூடினேன். 21 முதல் 24 டிகிரி வரை வெதுவெதுப்பு வேண்டும். இரவு குளிர்கிறது, தட்டு இரண்டும் ஃப்ரிட்ஜின் தலையில் ஏறிவிட்டன.

டிசம்பர் 7

தேய்த்ததில் மூன்று முளை! தேய்க்காத தட்டில் ஒன்றுமில்லை. உடனே இறக்கி வெளிச்சமான ஜன்னலுக்கு மாற்றினேன். முளைத்த பிறகு இருட்டில் விட்டால் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும்.

டிசம்பர் 16

தேய்த்ததில் ஆறு, தேய்க்காததில் இரண்டு, ஆக எட்டு என்று நேற்று ராத்திரி பெருமையாக எண்ணினேன். காலையில் ஐந்து தரையில் படுத்திருந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாகச் சுருங்கி, கறுத்து. நாற்றழுகல். ஈரத்தில் வளரும் பூஞ்சை வேலை, அந்த ஈரத்தைக் கொடுத்தது நான். தினமும் காலையும் மாலையும் ஆசை ஆசையாகத் தெளித்தேனே! போதாக்குறைக்குப் பழைய தட்டைக் கழுவாமல் பயன்படுத்தியிருக்கிறேன். இனி மேலே தெளிப்பது கிடையாது. தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிட வேண்டும், மேல்மண் காயும்வரை அடுத்த தண்ணீர் இல்லை.

பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 5

மிச்சமிருந்த மூன்றுக்கும் அசல் இலை இரண்டு மூன்று வந்துவிட்டது, தனித்தனிச் சின்னத் தொட்டிக்கு மாற்றினேன். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். இலை போனால் வேறு வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. இலையைத் தேய்த்தால் அந்தக் காரமான ஜெரேனியம் வாசம் இப்போதே இருக்கிறது. இலை மேல் குதிரை லாடம் போல விழும் கருத்த வளையம்தான் இன்னும் தெரியவில்லை.

காலித்தட்டு என்று நினைத்து மண்ணைக் கொட்டப் போனால், தேய்க்காத விதை ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் கழித்து! நல்லவேளை, கொட்டவில்லை.

பிப்ரவரி 3

பெரிய மூன்றின் நுனியையும் கிள்ளினேன். கை நடுங்கியது. கிள்ளினால்தான் பக்கக் கிளை வரும். லாட வளையம் வந்துவிட்டது.

மார்ச் 26

விதைத்து 16 வாரம். ஒன்றில் மொட்டுக்கொத்து. எல்லா மொட்டும் தலையைத் தொங்கப் போட்டிருக்கும், விரியப்போகிற மொட்டு மட்டும் நிமிரும். தினமும் காலையில் எது நிமிர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

ஏப்ரல் 4

விரிந்துவிட்டது. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. வெளிறிய இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளைக் கண். ஓரடுக்குப் பூ, சீக்கிரம் இதழ் கொட்டிவிடும், அதனால் காலையிலிருந்து ஏழெட்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன். கடைசியாக முளைத்த அந்த ஒற்றைச் செடி இன்னும் மொட்டே வைக்கவில்லை. அதை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பெரியம்மா வந்தார். பூவைக் குனிந்து பார்த்தார், இலையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “இதுல எனக்கு ஒரு குச்சி ஒடிச்சுக் கொடு” என்றார்.

பூ முடியட்டும் பெரியம்மா என்று சொல்லியிருக்கிறேன்.