அப்படியெல்லாம் இருக்காதும்மா

அந்தப் பெண் கேட்டதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன். நினைக்க நினைக்க அதை எனக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டே வருகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

“சார், ஒரு நாள் இந்த கேப்ஸ்யூல் போட மறந்துட்டா மறுநாள் தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு. கண்ணை இப்படித் திருப்பினாலே பளிச்னு ஒண்ணு. இது மருந்தாலயா, இல்ல பழைய வியாதி திரும்ப வருதா?”

நான் சொன்னது: “அப்படியெல்லாம் இருக்காதும்மா. மனசு சும்மா அப்படி நினைச்சுக்கும். ஒழுங்கா போடுங்க, சரியாயிடும்.”

அவர் தலையாட்டிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருக்கும். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் கண்ணைத் திருப்பிக் காட்டிய அதே நேரம் நான் டோக்கன் எண்ணைப் பார்க்கத் திரும்பினேன். என் தலைக்குள்ளும் பளிச்சென்று ஒன்று அடித்தது. அவர் வாங்கியது வென்லாஃபாக்சின் 150 மில்லிகிராம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மருந்து. நான் நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரையும் கேட்காமல் நிறுத்தியிருந்ததும் அதே மருந்துதான். என்னுடையது 75.

மருந்தாளுநராகப் பதினாலு வருடம். “டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க” என்பதை எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ! ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல வாய் தானாகச் சொல்லும். எங்களிடம் பயிற்சிக்கு வந்த தம்பிக்கு இந்த மருந்தைப் பற்றிப் பாடம் எடுத்ததும் நான்தான். வென்லாஃபாக்சினின் அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 5 மணி நேரம், உடம்பு அதிலிருந்து உண்டாக்கும் இன்னொரு பொருளுக்குச் சுமார் 11. மெதுவாகக் கரையும் கேப்ஸ்யூலாகவே இருந்தாலும் இரண்டு மூன்று நாளில் ரத்தம் ஏறத்தாழக் காலி. மனச்சோர்வுக்கே தரும் இன்னொரு மருந்தான ஃப்ளூக்செடின் என்றால் வாரக்கணக்கில் தங்கும், தானாகவே மெல்ல மெல்லக் குறையும். இது அப்படியில்லை, சட்டென்று போய்விடும், அதனால்தான் நிறுத்தும்போது தொந்தரவு அதிகம். இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஆக, தெரியாமல் சொன்னேன் என்ற சாக்கு எனக்குக் கிடையாது.

நிறுத்தியது ஏன் என்றால், மனைவி சொன்ன ஒரு வார்த்தையால். தனியாக இருந்து பார்க்கலாம் என்று அவள் முடிவு செய்திருந்த நேரம். “உங்ககிட்ட பேசறதும் சுவத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணுதான். நான் போறேன்னு சொல்றேன், உங்க முகத்துல ஒரு சலனமும் இல்ல” என்றாள். பொய் சொல்லவில்லை. பதற்றத்துக்காகத்தான் அந்த மருந்தை ஆரம்பித்தேன். நடுராத்திரியில் நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருவது நின்றது. கூடவே வேறு சிலதும் நின்றுபோயின. இப்படி மனசு மழுங்குவதாகச் சொல்பவர்கள் நிறைய. அதைக் கேட்டால் டோஸைக் குறைப்பார்கள், மருந்தை மாற்றுவார்கள், டாக்டரிடம் போயிருக்கலாம். நான் போகவில்லை. ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்து அவள் முன்னால் மனுஷனாக நிற்கவேண்டும் என்று தோன்றியது.

புதன்கிழமை ராத்திரி போனில் மனுஷனாக நின்றேன். கத்தினேன், அழுதேன், அவள் எட்டு வருடம் முன்பு சொன்னதையெல்லாம் இழுத்தேன். கடைசியில் “முடிச்சுக்கலாம்” என்று சொன்னதும் நான்தான். அவள் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதேயில்லை.

மறுநாள் காலையில்தான் அந்தப் பெண் வந்தார்.

இப்போது புரிகிற மாதிரி இருப்பது இது. அந்த ஷாக் மருந்தால்தான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தால், எனக்கும் ஒப்புக்கொண்ட மாதிரி. என் ஷாக் மருந்தை நிறுத்தியதால் என்றால் முந்தைய ராத்திரி அழுகை? அந்தக் கோபம்? “முடிச்சுக்கலாம்” என்றது? பல மாதம் கழித்து முதல்முறையாக எதையோ உணர்ந்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு, அதுவும் ரசாயனம்தான் என்று தெரிய விருப்பமில்லை. அதனால் மனசு நினைத்துக்கொள்ளும் என்று அவர் தலையில் கட்டிவிட்டேன்.

ஆனால் இது உட்கார்ந்து யோசித்துக் கோர்த்த காரணம். அன்று கவுன்டரில் இவ்வளவு யோசித்திருப்பேனா? குமட்டிக்கொண்டு வந்தது, சட்டை வேர்வையில் ஒட்டியது, வரிசை நீண்டது. சீக்கிரம் அனுப்பினால் போதும் என்று வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். எது உண்மை என்று தெரியவில்லை. இரண்டாவது காரணம் உண்மையானால் எனக்கு இன்னும் கேவலம் என்பது மட்டும் தெரிகிறது.

கூட்டம் குறைந்ததும் தம்பி பக்கத்தில் வந்தான். “சார், அந்த அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? நிறுத்தினா ஷாக் மாதிரி வரும்னு நீங்கதானே போன மாசம் சொல்லிக் கொடுத்தீங்க?”

“எல்லாத்தையும் சொன்னா பயந்துபோய் மாத்திரையையே விட்டுடுவாங்கப்பா. ஆளைப் பார்த்துச் சொல்லணும்.”

அவன் “சரி சார்” என்றான். குறித்துக்கொண்டிருப்பான், அவன் அப்படிப்பட்ட பையன். கெட்ட பதில் என்று யாரும் சொல்ல முடியாது. வேறு ஒரு நாளில் மனசாரவே அதைச் சொல்லியிருப்பேன்.

வேலையில் தவறு செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த வாரம் ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுக்கவில்லை. என் தலை சரியில்லை என்று தெரிந்து, ஒவ்வொரு சீட்டையும் தம்பியை இரண்டாம் முறை பார்க்கச் சொன்னேன். பதற்றம் ஏறினால் ஸ்டோர் ரூமுக்குப் போய் அலமாரியில் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் காலாவதித் தேதியை வாய்விட்டுப் படிப்பேன். மூச்சை எண்ணுவதைவிட எனக்கு அது உதவியது. மாதம், வருடம், அடுத்த பெட்டி. பொறுப்பாளர் ஒருமுறை எட்டிப் பார்த்து “வீட்ல எல்லாம் ஓகேவா?” என்று கேட்டார். “ஓகே சார்” என்றேன். லீவு கேட்டிருக்கலாம். லீவு எடுத்தால் வீட்டில் அல்லவா இருக்கவேண்டும்!

இப்படி மருந்தையெல்லாம் இரண்டு பேர் பார்த்தோம். வாயால் சொன்னதை இரண்டாம் முறை பார்க்க யாரும் இல்லை. பார்த்த ஒருவனையும் நான் வாயடைத்துவிட்டேன்.

வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்ட ஒரு பட்டியல் உண்டு, ஹோம்ஸ், ரஹே என்ற இருவர் 1967-இல் தயாரித்தது. துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, பிரிந்து வாழ்வதற்கு 65, மேலதிகாரியோடு தகராறு என்றால் 23. அந்த நாட்களில் அதை எடுத்து எனக்கு எத்தனை என்று கூட்டிப் பார்த்தேன். மதிப்பெண் அதிகமாக வந்ததும் ஒரு அற்ப நிம்மதி வந்தது. மாத்திரையை நிறுத்தியதற்கு அதில் மதிப்பெண் இல்லை.

ஒன்பதாம் நாள் டாக்டரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. “உங்களுக்கே தெரியுமே” என்றார், அவ்வளவுதான். அதே 75-ஐ மறுபடி ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் ஷாக் போய்விட்டது. நோய் திரும்பினால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல ஏறும், மருந்தை நிறுத்தியதால் வருவது சில நாளிலேயே வந்து, மறுபடி போட்டதும் சீக்கிரம் அடங்கும். அந்தப் பெண் தன் கேள்வியிலேயே பதிலையும் வைத்திருந்தார்: ஒரு நாள் மறந்தேன், மறுநாள் வந்தது என்று. “மருந்தாலதாம்மா. மறக்காம போடுங்க, டாக்டர்கிட்டயும் இதைச் சொல்லுங்க.” இதைச் சொல்லவும் அதே அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

2024-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வைப் பிற்பாடு படித்தேன். ஆன்டிடிப்ரெசன்டை, அதாவது மனச்சோர்வுக்கான இந்த வகை மருந்துகளை, நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி வந்திருக்கிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் சுமார் 17 சதவீதம் பேருக்கு! பார், மனசும் நினைத்துக்கொள்ளத்தான் செய்கிறது என்று அந்த 17-ஐப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாகத் திரிந்தேன். அதே கட்டுரை, தொந்தரவு கடுமையாக வரக்கூடிய மருந்துகளின் வரிசையில் வென்லாஃபாக்சினையும் வைத்திருக்கிறது. அதை முதல் தடவை வேகமாகக் கடந்துவிட்டேன் போலிருக்கிறது.

ஷாக் நின்ற பிறகு மனைவிக்குப் போன் செய்தேன். “அன்னிக்குப் பேசினது நான் இல்ல. மாத்திரையை நிறுத்தியிருந்தேன், அதனால வந்தது” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னாள்: “எனக்கு அன்னிக்குத்தான் நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. இப்ப பேசறது யாரு, மாத்திரையா?”

இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பிரிந்துவிட்டோம். அன்று நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் பிரிந்திருப்போம் என்று சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது.

இப்போது 37.5-இல் இருக்கிறேன், அதிலிருந்தும் மெல்லக் குறைக்கிறோம். மனநல மருந்து ஆய்வாளர்களான மார்க் ஹாரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019-இல் எழுதியதைப் படித்தபோது, கடைசிச் சின்ன டோஸ்களில்தான் மூளையில் விளைவு செங்குத்தாகச் சரிகிறது, அதனால் சமமாக அல்ல, மிச்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே போகவேண்டும் என்று புரிந்தது. ஹாரோவிட்ஸ் தானே நிறுத்தும்போது பட்ட அவஸ்தையை வெளிப்படையாகச் சொன்னவர். நான் தம்பியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அந்தப் பெண் முப்பது நாளுக்கு வாங்கிப் போனார். முப்பதாம் நாள் கணினியில் பார்த்தேன், நாற்பதாம் நாளும் பார்த்தேன். வரவில்லை. வேறு இடத்தில் வாங்கியிருக்கலாம், டாக்டர் மாற்றியிருக்கலாம். போன் எண் இருக்கிறது. என் மனசாட்சிக்காக ஒரு நோயாளியை அழைப்பது முறையல்ல என்று சொல்லிக்கொள்கிறேன். முறையல்லதான்.

போன வாரம் ஒருவர் முதல்முறையாக இதே மருந்துக்குச் சீட்டு கொண்டுவந்தார். “ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியுமா சார்?” என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஷாக், தலைசுற்றல், திடீர் அழுகை, எரிச்சல், எப்படி மெல்லக் குறைப்பது, பலருக்கு எதுவுமே வராது என்பது, எல்லாம். பத்து நிமிடம் ஆனது. வரிசையில் முணுமுணுத்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்ப ஆரம்பிக்காம இருக்கறதே நல்லது போல” என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். “சார், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை...” என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை.

தம்பி என்னைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. எடுத்து வைத்திருந்த பெட்டியை அலமாரியில் திரும்ப வைக்கப் போனேன். கை தானாக அதைத் திருப்பித் தேதியைப் பார்த்தது.