ஹேக்வொர்த்தின் மாறுபட்ட தீர்ப்பு

அரசு வழக்கறிஞராக இருந்த ஒருவர் நீதிபதியானால் பழைய விசுவாசம் போகுமா? இந்தக் கேள்வியோடுதான் கிரீன் ஹேக்வொர்த்தைப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்க வெளியுறவுத் துறையில் 1931 முதல் 1946 வரை சட்ட ஆலோசகர். போர்க்காலம் முழுக்க அதே நாற்காலி. அந்த நெருக்கடியிலேயே பன்னாட்டுச் சட்டத்தை 8 தொகுதிகளாகத் தொகுத்தார்! 1945 ஏப்ரலில் வாஷிங்டனில் கூடிய சட்ட வல்லுநர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். சர்வதேச நீதிமன்றத்தின் சட்ட வரைவு அங்கே உருவானது. அடுத்த ஆண்டே அதே நீதிமன்றத்தில் நீதிபதி. 1955 முதல் 1958 வரை தலைவர்.

என்னைப் பிடித்து நிறுத்தியது 1949-இல் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்புதான். ஜெருசலேமில் ஐ.நா. சமரசத் தூதர் பெர்னடோட் கொல்லப்பட்ட பிறகு, பொறுப்பான நாட்டிடம் ஈடு கேட்க முடியுமா என்று ஐ.நா. அந்த நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்ட விவகாரம் அது. தனக்கு நேர்ந்த இழப்புக்கு ஐ.நா. ஈடு கேட்கலாம் என்பதை ஹேக்வொர்த்தும் ஏற்றார். ஆனால் கொல்லப்பட்டவருக்காகவும் கேட்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னபோது மறுத்தார். ஐ.நா.வுக்கு வெளிப்படையாகத் தந்த அதிகாரத்தை நிறைவேற்றத் தேவையான அதிகாரங்களை மட்டுமே, எழுதப்படாவிட்டாலும் இருப்பதாக உய்த்துணரலாம் என்றார்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. பணியில் இறந்தவரின் குடும்பத்துக்காக அந்த அமைப்பே பேச வேண்டும். ஆனாலும் அந்தப் பக்கங்களை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் தேடுகிற பழைய ஆலோசகரின் கை அதில் அப்படியே தெரிகிறது.