2023 மார்ச் 19க்குப் பின்னர் எங்கள் வட்டாரத்தின் வேலைகள் (2023 மார்ச் மாதத்தில் எழுதியது)

எங்கள் பிரதேச சபையின் பதவிக்காலம் வரும் 2023 மார்ச் 19ஆம் திகதியுடன் முடிகிறது. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நீங்கள் அளித்த வாக்குகளால் அமைந்த இந்தச் சபையின் நான்கு ஆண்டுகள் கடந்த ஆண்டே நிறைவடைந்தன. வர்த்தமானி அறிவித்தல் மூலம் அது மேலும் ஓராண்டு நீடிக்கப்பட்டது. அடுத்த சபையைத் தெரிவுசெய்ய இம்மாதம் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய வாக்களிப்பு, திறைசேரியிலிருந்து பணம் கிடைக்காததால் நடக்கவில்லை. தேர்தலுக்கென ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 3ஆம் திகதி இடைக்கால உத்தரவு பிறப்பித்திருக்கிறது. தேர்தல் ஆணைக்குழு ஏப்ரல் 25ஆம் திகதியைப் புதிய நாளாக அறிவித்திருக்கிறது. அந்த நாளில் வாக்களிப்பு நடந்தாலும், மார்ச் 20ஆம் திகதி காலையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரையின் எந்தப் பிரதேச சபையிலும் மக்கள் தெரிவுசெய்த ஓர் உறுப்பினரும் இருக்க மாட்டார். கிழக்கு மாகாண சபையும் 2017 செப்டெம்பர் முதல் உறுப்பினர்கள் இல்லாமலே இயங்குகிறது என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். எங்கள் கிராமத்து ஒழுங்கைக்கும் பாராளுமன்றத்துக்கும் நடுவே, நீங்கள் கேள்வி கேட்கக்கூடிய, உங்கள் வாக்கால் வந்த ஒருவரும் இல்லாத காலம் தொடங்கப்போகிறது. அதை முன்னிட்டே, விடைபெறும் சபை உறுப்பினராக இந்தக் கணக்கை எழுதி வைக்கிறேன்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. வட்டார வெற்றியையும் விகிதாசாரத்தையும் சேர்த்து 2018இல் அறிமுகமான கலப்புமுறைத் தேர்தலில் எங்கள் சுயேச்சைக் குழு ஒரு வட்டாரத்தையும் வெல்லவில்லை. எல்லா வட்டாரங்களிலும் எங்கள் வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளைக் கூட்டியபோது விகிதாசாரப்படி ஓர் ஆசனம் கிடைத்தது, குழு என்னை அதற்கு நியமித்தது. ஆகவே அந்த ஆசனம், தம் சொந்த வட்டாரத்தில் தோற்ற எங்கள் குழுவினர் அத்தனை பேருடையதுமாகும். ஜனவரியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வேட்புமனுவில் என் பெயர் இல்லை. இளையவர்களும் பெண்களும் முன்னுக்கு வரவேண்டும் என்று நாங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

முதலில் வீதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வீட்டு வாசலுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வீதிக்காகவே வந்தார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை; மிகுதியான உள்வீதிகளில் பெரும்பகுதியே பிரதேச சபையின் பொறுப்பு. வயல் வாய்க்கால் கட்டுகளின் வழியே போகும் பாதைகள் பல, நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல சேவைகள் திணைக்களத்துக்கோ உரியவை. இந்தப் பிரிவு தெரியாமல் ஒரே கடிதத்தை மூன்று அலுவலகங்களுக்குக் கொண்டு அலைந்து சோர்ந்த பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் முதலாம் ஆண்டிலேயே, சபைக்குரிய வீதிகள் எவை என்ற பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்டவேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தேன். அது நிறைவேறியது, பட்டியலும் ஒட்டப்பட்டது. ஐந்தாண்டுகளில் நடந்தவற்றுள் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த வேலைகளில் அதுவும் ஒன்று.

கிறவல் இட்ட ஒழுங்கைகள் சில இந்த மாரியையும் தாக்குப்பிடித்து நிற்கின்றன. பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூட்டைகளுடன் உழவு இயந்திரங்கள் அவற்றில் ஓடுவதை இந்த வாரம் பார்த்தேன். ஆனால் மயானத்துக்குப் போகும் வீதியின் மதகு இன்னும் கட்டப்படவில்லை. சபை அதை அங்கீகரித்தது, மதிப்பீடு தயாரானது, கேள்வி மனுவும் கோரப்பட்டது. 2022இல் சீமெந்தின் விலை முந்திய ஆண்டின் விலையைப் போல் இரு மடங்கையும் தாண்டியபோது, பழைய மதிப்பீட்டுக்கு வேலையைப் பொறுப்பேற்க எந்த ஒப்பந்தக்காரரும் முன்வரவில்லை. கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் ஓர் உடலைத் தோளில் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிற நிலை எங்கள் சனங்களுக்கு இனியும் வரக்கூடாது. புதிய சபை கூடும் நாளில் முதலாவது பிரேரணையாக அந்த மதகு வரவேண்டும் என்று, வரப்போகிறவர்கள் எந்தக் கட்சியினராக இருந்தாலும், இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது வீதி விளக்கு. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் ஒரு விளக்கு எரியாவிட்டால் இருட்டு. காட்டெல்லையோரக் கிராமங்களில் ஒரு விளக்கு எரியாவிட்டால் யானை நிற்பது தெரியாமல் அதன் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். மின்வேலி வனஜீவராசிகள் திணைக்களத்தின் வேலை, அதில் சபை தீர்மானம் அனுப்பலாமே தவிர வேறொன்றும் செய்ய முடியாது. விளக்கு எங்கள் கையில் இருந்தது. பழைய குமிழ்களை எடுத்துவிட்டு எல்ஈடி விளக்குகளைப் போடும்போது, சந்தியிலிருந்து தொடங்காமல் காட்டெல்லையிலிருந்து தொடங்கவேண்டும் என்று வாதாடினேன். சந்தியில் கடை வைத்திருப்பவர்களுக்கு அதில் மனக்குறை இருந்தது. ஆயினும் உயிருக்கு ஆபத்துள்ள இடமே முதலில் வரவேண்டும் என்ற என் கருத்து இன்றும் மாறவில்லை. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்திருப்பதால், வீதி விளக்குகளைக் குறைக்கும் யோசனை இனி எந்த அலுவலகத்திலும் எழலாம். எழுந்தால், காட்டெல்லை விளக்குகளை அணைக்க விடாதீர்கள்.

குடிநீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு உரியது. ஆடி, ஆவணி வரட்சியில் பவுசரில் நீர் வழங்குவதற்கு மேல் எங்களால் எதையும் செய்ய இயலவில்லை. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் அந்தப் பவுசரும் குப்பை ஏற்றும் உழவு இயந்திரமும் ஓடாமல் நின்ற நாட்கள் உண்டு.

சபைக்குள் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தனிப்பெரும்பான்மை யாருக்கும் இல்லாத சபையாகையால், ஒவ்வொரு மார்கழியிலும் வரவு செலவுத் திட்டத்துக்கு என் ஒரு வாக்கும் தேடப்பட்டது. அபிவிருத்திப் பணத்தை உறுப்பினருக்கு இவ்வளவு என்று சரிசமமாகப் பிரிக்கும் திட்டத்தை நான் எதிர்த்து வாக்களித்தேன். பிரதான வீதியோரம் அடுத்தடுத்து வீடுகள் உள்ள வட்டாரமும், வயலுக்கும் குளத்துக்கும் இடையே சிதறிக் கிடக்கும் நாலைந்து குடியிருப்புகளைக் கொண்ட வட்டாரமும் ஒரே தொகையைப் பெறுவது சமத்துவம் ஆகாது. அதனால் என் மீது கோபம் கொண்டவர்களும், வேறு பிரேரணைகளில் எனக்குத் துணைநின்ற பிற கட்சி உறுப்பினர்களும் உண்டு. இரு சாராருடனும் நட்புடனேயே விடைபெறுகிறேன்.

இனி நீங்கள் செய்யவேண்டியவை. மார்ச் 20 முதல் சபையின் அன்றாட நிருவாகம் செயலாளரின் கையில் இருக்கும்; அவருக்கு மேலே மாவட்டத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளர் இருக்கிறார். சபை ஏற்கெனவே நிறைவேற்றிய 2023ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் செல்லுபடியாகும், ஆகவே பணம் ஒதுக்கப்பட்ட வேலைகளைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கொடுத்தால் அதற்குக் கனம் அதிகம். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் தரப்படுமா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மதகின் மதிப்பீட்டையும், எந்த வீதிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்பதையும் இந்த வழியில் யாரும் கேட்டுப் பெறலாம். அதற்கு ஓர் உறுப்பினரின் சிபாரிசு தேவைப்படாது.

நான் கொண்டுவந்த பிரேரணைகள், அவை பதிவான கூட்டறிக்கைகள், அலுவலகங்களிலிருந்து வந்த பதில்கள் ஆகியவற்றின் பிரதிகளை ஆண்டுவாரியாகக் கட்டி வாசிகசாலையில் ஒப்படைத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை இறுதி அமர்வு நடக்கிறது. சபையின் பதிவில் இடம்பெற வேண்டிய கோரிக்கைகள் இன்னும் இருந்தால், எழுதி, பெயரும் கையொப்பமும் இட்டு, புதன்கிழமை மாலைக்குள் என்னிடம் தாருங்கள். அவற்றை அமர்வில் வாசித்துக் கூட்டறிக்கையில் சேர்ப்பிப்பேன்.