ஏபிசியில் பதிவு செய்தாயிற்று, அப்புறம் என்ன?

ஏபிசி என்று எல்லோரும் சொல்கிற கல்விக் கிரெடிட் வங்கியில் (ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய மதிப்பலகான கிரெடிட்டை மாணவர் பெயரில் சேர்த்துவைக்கும் இணையக் கணக்கு) ஒரு கல்லூரியைப் பதிவு செய்வது பெரிய வித்தை இல்லை. அந்தப் பதிவை நம்பி நம் மாணவி ஒருத்தி ஒரு செமஸ்டர் வேறு கல்லூரியில் படித்து, அங்கே எடுத்த கிரெடிட் நம் மதிப்பெண் பட்டியலில் ஏறி, பட்டமும் சிக்கலில்லாமல் கைக்கு வர வேண்டும். வேலை அங்கேதான் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்டவை தானாக வந்து சேரும். இப்போது மற்ற கல்லூரிகளில் இதே பொறுப்பில் இருப்பவர்கள் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது தென் மாவட்டத்தில் உள்ள அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரி; பாடமும் தேர்வும் எங்கள் கையில், பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021 ஜூலையில் ஏபிசி விதிமுறைகளை வெளியிட்டபோது, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் கொடுக்கும் ஏ கிரேடு மாதிரியான தகுதிகள் இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் திருத்தம் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டார்கள். ஏபிசி வந்தது தேசியக் கல்விக் கொள்கையின் வழியாகத்தான் என்பதால், அந்தக் கொள்கையை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் சண்டை எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் நடந்தது. அந்தக் கொள்கையில் எனக்கும் ஒப்பாத விஷயங்கள் நிறைய உண்டு. ஆனால் பக்கத்து மாவட்டக் கல்லூரியில் நல்ல லேப் இருக்கிறது, நம் பிள்ளைகள் ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம் என்றால் அதை ஏன் விடவேண்டும் என்று எங்கள் முதல்வர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

பதிவுக்குத் தேவையானவை கொஞ்சம்தான். கல்லூரியின் ஐஷே குறியீடு (உயர்கல்விக் கணக்கெடுப்பில் கல்லூரிக்குக் கொடுத்த எண்), நோடல் ஆபீசருக்கு, அதாவது இந்த வேலைக்குப் பொறுப்பானவருக்கு, ஒரு டிஜிலாக்கர் கணக்கு, கல்லூரி லெட்டர்ஹெட்டில் முதல்வரோ தேர்வுக் கட்டுப்பாட்டாளரோ கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த முகவரியைப் போடாதீர்கள். நாளைக்கு நீங்கள் பணி ஓய்வு பெற்றுப் போன பிறகும் ஓடிபி கேட்டு உங்களைத்தான் தேடுவார்கள்.

அடுத்தது மாணவர்களின் 12 இலக்க ஐடி. டிஜிலாக்கர் வழியாக மாணவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஆதாரில் இருப்பது அப்பாவின் செல் நம்பர், அப்பா இருப்பது சிங்கப்பூரில் என்றால், இங்கே லேபில் மாணவி உட்கார்ந்திருப்பாள், ஓடிபி அங்கே போய் விழும். அவர் வேலை நேரத்தில் போனை எடுக்கமாட்டார். சனிக்கிழமை மாலைகளில் வாட்ஸ்அப் கால் போட்டு அந்த எண்களை வாங்கினோம்.

அதைவிடப் பெரிய தொல்லை இனிஷியல். ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திகா எம்’ என்று இருக்கும். கல்லூரிப் பதிவேட்டில் ‘எம். கார்த்திகா’. ஆதாரில் ‘கார்த்திகா முருகேசன்’. நமக்கு மூன்றும் ஒரே பெண்தான், கணினிக்கு மூன்று பேர். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒத்துப்போனால்தான் நாம் ஏற்றும் கிரெடிட் சரியான கணக்கில் போய் உட்காரும். எதை மாற்றுவது என்பதில் அவசரம் கூடாது. ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதனால் ப்ளஸ் டூ பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டோம். முதலில் கல்லூரிப் பதிவேட்டை அதற்கு ஏற்பத் திருத்தினோம், அப்புறமும் பொருந்தாதவர்களை மட்டும் ஆதார் மையத்துக்கு அனுப்பினோம். முதலாமாண்டு சேர்க்கை விண்ணப்பத்திலேயே ‘ஆதாரில் உள்ளபடி பெயர்’ என்று தனிக் கட்டம் வைத்த பிறகுதான் இந்தப் பஞ்சாயத்து குறைந்தது.

கிரெடிட் விவரத்தை ஏற்றுவது சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 12 இலக்க எண்ணை எக்செல்லில் சாதாரணக் கட்டத்தில் ஒட்டினால் அது ‘4.56ஈ+11’ என்கிற மாதிரி சுருங்கிவிடும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கோப்பில் போய்ச் சேர்வதும் அந்தச் சுருக்கம்தான், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். முதலில் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அப்புறம் எண்களை ஒட்டுங்கள். சேமித்த சிஎஸ்வியைச் சரிபார்க்க நோட்பேடில் திறங்கள். எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

இவ்வளவும் சிஓஇ, அதாவது தேர்வுக் கட்டுப்பாட்டாளர், அலுவலக வேலை. பொறுமை இருந்தால் முடிந்துவிடும். ஏபிசியில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே கிரெடிட் தானாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாது. மாணவர் கையில் இருக்கும் சான்றிதழை ஏபிசி வாங்கிக்கொள்ளாது, படித்த நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியதை எந்தப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வது என்பதைப் பட்டத்துக்கு உரிய நிறுவனம்தான் சொல்ல வேண்டும். கிரெடிட்டில் பாதியாவது சொந்த நிறுவனத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றும், ஒரு பட்டத்துக்குப் பயன்படுத்திய கிரெடிட்டை இன்னொன்றுக்குக் காட்ட முடியாது என்றும் விதி. எடுத்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டுவரை கணக்கில் செல்லும். நடுவில் உள்ள வெற்றிடத்தைக் கல்லூரிகளே பேசித்தான் நிரப்ப வேண்டும்.

அதற்காகத்தான் ஐந்து தன்னாட்சிக் கல்லூரிகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டோம். கூட்டத்தில் முதலில் பேசியது பணம். உதவி பெறும் பிரிவில் கட்டணம் சொற்பம், சுயநிதிப் பிரிவில் அப்படியில்லை. இங்கே உதவி பெறும் பிரிவில் படிக்கும் பெண் அங்கே சுயநிதித் துறையில் போய் உட்கார்ந்தால் யார் கட்டுவது? கட்டணத்தைச் சொந்தக் கல்லூரியிலேயே கட்டட்டும், போகிறவர் எண்ணிக்கையும் வருகிறவர் எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வோம் என்று முடிவானது. ஹாஸ்டலும் தேர்வுக் கட்டணமும் மட்டும் அங்கே.

எங்கள் மாணவிகள் கேட்டது வேறு. அவர்களில் பலர் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறுகிறவர்கள். ‘ஒரு செமஸ்டர் வெளியே போனால் அந்தப் பணம் நின்றுவிடுமா மேம்?’ இதுதான் முதல் கேள்வி. ஐந்து முதல்வர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மாணவர் பெயர் சொந்தக் கல்லூரிப் பதிவேட்டிலேயே இருக்கும், வருகைப்பதிவைப் போய்ப் படிக்கும் கல்லூரியிலிருந்து மாதாமாதம் அனுப்புவார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தது அந்த மாணவிகளால்தான்.

எந்த செமஸ்டரில் அனுப்புவது? முதல் நான்கு செமஸ்டரில் பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் உண்டு. ஒவ்வொரு தன்னாட்சிக் கல்லூரித் தமிழ்த்துறையும் தன் செய்யுள் திரட்டைத் தானே தொகுத்து வைத்திருக்கிறது, ஒருவர் பாடம் மற்றவருக்குப் பொருந்தாது. ஐந்தாம் செமஸ்டரில் பெரும்பாலும் முதன்மைப் பாடங்களும் விருப்பப் பாடங்களும்தான். அதனால் ஐந்தாவது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-இல் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது தன்னாட்சி பறிபோகிறது என்று கொடி பிடித்தவர்களில் நாங்களும் உண்டு. ஆனால் இணைப் பாடம், அதாவது அங்கே படிப்பதற்கு ஈடான நம் பாடம், தேடி உட்கார்ந்தபோது கைகொடுத்தது அந்தப் பாடத்திட்டம்தான், இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரு கல்லூரியும் அதை ஒட்டி வைத்திருந்த பாடங்களில் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) கூட்டம் சீக்கிரமே முடிந்தது. நாங்களே புதுமையாக எழுதிய பாடங்களில்தான் யூனிட் யூனிட்டாகச் சண்டை.

மதிப்பெண்ணில் இன்னொரு முடிச்சு. எங்களுக்கு அகமதிப்பீடு 25, தேர்வு 75. இன்னொரு கல்லூரியில் 40, 60. இதைப் பிரித்து மாற்றப் போனால் தீராது என்று தெரிந்ததும், அங்கே கொடுத்த மொத்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு கிரேடை மட்டும் எங்கள் அட்டவணைப்படி போடுவது என்று வைத்தோம்.

கல்லூரியின் கல்விக் குழுவான அகாடமிக் கவுன்சிலில் பல்கலைக்கழகப் பிரதிநிதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது, ஒட்டுமொத்த மதிப்பெண் பட்டியலில் வேறு கல்லூரியின் பாடக் குறியீடு இருந்தால் அதை யார் ஏற்றுக்கொள்வது? நியாயமான கேள்வி. எங்கள் பாடக் குறியீட்டையே போட்டு, பக்கத்தில் ஒரு குறியும் அடியில் படித்த கல்லூரியின் பெயரும் அச்சிடுவதாகச் சொல்லி அனுமதி கேட்டு எழுதினோம். பதில் வந்து சேர்வதற்குள் ஒரு பேட்ச் படிப்பையே முடித்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் தொடங்குவதாக இருந்தால் இந்தக் கடிதத்தை முதலில் அனுப்புங்கள், மற்றதையெல்லாம் அது நடந்துகொண்டிருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அரியர் விஷயத்தை எல்லோரும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். நன்றாகப் படிக்கிறவர்களைத்தானே அனுப்புகிறோம், அரியர் எங்கே வரப்போகிறது என்றார்கள். காய்ச்சலில் ஒரு தேர்வு எழுதாமல் விட்டாலும் அரியர்தானே? அங்கே தவறவிட்ட பாடத்தை எழுத அந்த ஊருக்கே திரும்பப் போகவேண்டியதில்லை, சொந்தக் கல்லூரியில் இணைப் பாடத்தை எழுதினால் போதும் என்று கடைசியில் எழுதிச் சேர்த்தோம்.

முதல் பேட்ச் போய் வந்துவிட்டது. எங்கள் தேர்வு முடிவுகள் வந்த பிறகும் அங்கே முடிவு வராமல், இங்கே ஏப்ரல் தேர்வுக்கான அரியர் விண்ணப்பத் தேதி நெருங்கிவிட்டது. அதனால் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது தேதியையே எழுதிவிட்டோம்: ஐந்தாம் செமஸ்டர் முடிவையும் ஏபிசி கோப்பையும் ஜனவரி 31-க்குள் ஏற்ற வேண்டும். தவறினால் அந்த மாணவருக்கு மட்டும் விண்ணப்பக் கடைசித் தேதியைச் சொந்தக் கல்லூரி தள்ளிவைக்கும், அபராதக் கட்டணம் கிடையாது.